உடைக்காத வித்தை

சிங்காரத்துக்குத் தன் மனைவி மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடலூரில் எங்கள் அறிவியல் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அவர் மனைவி வெண்மதிக்கும் தெரியும். தெரியாதது போல் நடந்துகொண்டவர் சிங்காரம் ஒருவர்தான்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. திட்டக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மானாவாரிக் காட்டில் சோளம் விதைத்த குடும்பத்தில் முதல் பட்டதாரி. கடலூரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஐயரும் வேண்டாம், நல்ல நேரமும் வேண்டாம் என்று அப்பாவோடு சண்டை போட்டு, ஆடி மாதத்தில் மாலை மாற்றித் திருமணம் செய்துகொண்டவர். பூனை குறுக்கே போனால் அதற்கு வழிவிட்டு, சகுனம் பார்க்காமல் தன் வழியே போகிற ஆள். கடவுளை விட்டார், சாதியை விட்டார், ராகு காலத்தை விட்டார். மனைவிக்குத் தன்னைவிட அதிகம் கை தட்டினார்கள் என்பதை மட்டும் அவரால் விட முடியவில்லை. பகுத்தறிவு பேசுகிற ஆண்கள் பலர் வந்து தடுமாறி நிற்கிற வாசற்படி இதுதான். அதற்கு மட்டும் நம்மிடம் கூட்டமும் கிடையாது, துண்டறிக்கையும் கிடையாது.

வெண்மதி சிதம்பரத்தில் அரசு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தினமும் காலையில் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி பஸ் ஏறிப் போய்விட்டு, சாயங்காலம் கசங்கிய புடவையும் கசங்காத முகமுமாகத் திரும்பி வருவார்.

சிங்காரத்தை அதிகம் குத்தியது எது என்றால், இந்த மேஜிக் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தவரே அவர்தான் என்பது. 2004 கோடை விடுமுறையில் எங்கள் குழு கடலூரில் ஒரு பயிற்சி முகாம் நடத்தியது. சாமியார்கள் அற்புதம் என்று காட்டுகிற வித்தைகளைப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து காட்டுவது, பிறகு அதற்குள் ஒளிந்திருக்கும் வேதியியலையும் இயற்பியலையும் கணக்கையும் சொல்லிக் கொடுப்பது. இதுதான் பயிற்சி. குழுவில் ஒரே ஒரு சட்டம் உண்டு. காட்டியதை உடைக்காமல் மேடையை விட்டு இறங்கக் கூடாது. உடைப்பது என்றால் ரகசியத்தைப் பிள்ளைகள் முன்னாலேயே போட்டு உடைப்பது. உடைக்காமல் இறங்குகிறவன் ஆசிரியன் இல்லை, ஊருக்கு இன்னொரு சாமியார் என்று முதல் நாளே சொல்லிவிடுவோம்.

அந்த முகாமுக்கு வந்தவர் சிங்காரம். வெண்மதி வரவில்லை; அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. சிங்காரம் கற்றுக்கொண்டதை எல்லாம் வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று மனைவிக்குச் செய்து காட்டினார். வாயால் ஊதினால் காகிதம் தீப்பிடிப்பது, மஞ்சள் துணியில் ரத்தக் கை பதிவது, கவிழ்த்த டம்ளரிலிருந்து தண்ணீர் கொட்டாமல் நிற்பது. அவர் பாதி சொல்லும்போதே வெண்மதி மீதியைச் சொல்லிவிடுவார். அது அவருடைய பாடம் ஆயிற்றே.

அந்த டிசம்பரில் கடல் வந்தது. தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் தற்காலிகக் கொட்டகைகளில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜனவரியில் நாங்கள் அங்கே போனோம். சிங்காரம்தான் முதலில் நின்றார். பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூளைக் காகிதத்துக்குள் மறைத்து, மேலே கிளிசரினைச் சொட்டிவிட்டு ஊத வேண்டும். கொஞ்ச நேரத்தில் தானாகத் தீப்பிடிக்கும். அவருக்கு மேடையில் கை வியர்க்கும். தூள் ஈரமாகிவிட்டதோ என்னவோ, ஊதினார், ஊதினார், புகை கூட வரவில்லை. கொட்டகையில் பிள்ளைகள் அவரை வெறித்துப் பார்த்தபடி இருந்தார்கள். பின்னால் நின்ற வெண்மதி முன்னால் வந்து, அமைதியாகச் சொன்னார்:

"பசங்களா, சார் ஊதுனா நெருப்புக்கே தூக்கம் வருது பாருங்க."

ஒரு பெண் பிள்ளை சிரித்தது. பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தக் கொட்டகையில் பல நாட்களாக யாரும் கேட்காத சத்தம் அது. அந்த நேரம் பார்த்துக் காகிதம் குபீரென்று பற்றிக்கொண்டது. கை தட்டல் முழுவதும் வெண்மதிக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்த பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிங்காரம் ஒருவர் மட்டும், தன் மனைவி தன்னை வைத்து ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இதை அவரே வருடங்கள் கழித்து எங்களிடம் சொன்னார். சொல்லும்போதும் அவருக்கு அது ஆறியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வெண்மதியை நிறுத்த முடியவில்லை. அவருக்கென்று ஒரு வழி இருந்தது. வித்தையை அவர் தாமாக உடைக்க மாட்டார். கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "எங்க சந்தேகமா இருக்கு, தொட்டுப் பாரு" என்பார். அந்தப் பெண் துணியை முகர்ந்து பார்க்கும், மஞ்சள் வாடை என்று சொல்லும். அவர் கையில் இருப்பதைத் தொட்டு நாக்கில் வைக்கப் போகும்; வேண்டாம் என்று தடுத்து, உன் வீட்டில் வெற்றிலையோடு எதைத் தடவுவார்கள் என்று கேட்பார். சுண்ணாம்பு என்று பத்துக் குரல்கள் கத்தும். பிள்ளைகளே உடைத்தார்கள். வித்தைக்குக் கிடைத்ததைவிட உடைப்புக்குக் கை தட்டல் ஜாஸ்தி. சிதம்பரத்தைச் சுற்றியிருந்த பள்ளிகளிலிருந்து தலைமை ஆசிரியர்கள் தேடி வந்தார்கள். தட்டிகளில் 'வெண்மதி குழுவினர் வழங்கும் அறிவியல் மேஜிக்' என்று எழுதினார்கள்.

அந்தக் 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் சிங்காரம் இருந்தார். பெட்டி தூக்கினார், மேசை விரித்தார், பஸ் நிலையத்தில் ஆட்டோ பேசினார். "டீச்சரம்மா வூட்டுக்காரரா நீங்க?" என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றார். நம் நாட்டில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இன்னாருடைய வீட்டுக்காரி என்ற ஒரே பெயரோடு வாழ்ந்து செத்திருக்கிறார்கள். அதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. ஓர் ஆணுக்கு மூன்று வருடம் அப்படி நேர்ந்தால் சாப்பாடு இறங்க மறுக்கிறது.

அவருக்கென்று நிகழ்ச்சியில் ஓர் உருப்படி இருந்தது. ஐந்து அட்டைகள். ஒவ்வொன்றிலும் எண்கள் வரிசையாக எழுதியிருக்கும். ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுக்குள் ஏதாவது ஓர் எண்ணை மனதில் நினைத்துக்கொண்டு, அது எந்தெந்த அட்டையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். அவர் நினைத்த எண்ணைச் சொல்லிவிடுவார். ரகசியம் எளியது. அட்டைகளின் முதல் எண்கள் 1, 2, 4, 8, 16. 'இருக்கிறது' என்று சொன்ன அட்டைகளின் முதல் எண்களைக் கூட்டினால் விடை. இதை உடைக்கும்போது அவர் கரும்பலகையில் இரண்டின் அடுக்குகள் என்று ஆரம்பிப்பார். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். வெண்மதிக்கு உடைப்பில்தான் கை தட்டல். அவருக்கு உடைப்பில் உள்ளதும் போய்விடும்.

2007 நவம்பரில் தேவனாம்பட்டினத்தில் மறுபடி ஒரு நிகழ்ச்சி. இந்த முறை சமுதாயக் கூடம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வந்திருந்தார்கள். பாதிப் பிள்ளைகள் சிங்காரத்தின் பள்ளியில் படிப்பவர்கள். அதில் ஒருத்தி சரண்யா. அவளுடைய அம்மா அஞ்சம்மாள் கருவாடு காயவைத்து விற்பவர், கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். அஞ்சம்மாளின் அண்ணன் சின்னையனும் கூடத்தில் இருந்தார். படகு வைத்திருப்பவர், சத்தமாகப் பேசுகிறவர், எதையும் சுலபத்தில் ஒப்புக்கொள்ளாதவர். சிங்காரம் அட்டைகளை எடுத்ததும், "எங்கிட்ட பலிக்காது சார்" என்று அவரே மேடைக்கு ஏறி வந்தார்.

எண்ணை நினைத்தார். ஓர் அட்டையைத் தள்ளிவிட்டு மற்ற நாலிலும் இருக்கிறது என்றார். சிங்காரம் கண்ணை மூடினார். கண்ணை மூட வேண்டிய அவசியமே அந்த வித்தையில் கிடையாது.

"இருபத்தி ஏழு."

சின்னையன் ஓரடி பின்னால் போனார். அப்புறம், தன்னை அறியாமல், கையெடுத்துக் கும்பிட்டார். ஊரே நம்பாத மனிதர் கும்பிட்டதும் கூடத்தில் ஒரு மூச்சு ஒரே நேரத்தில் உள்ளே இழுக்கப்பட்டது. சிங்காரம் தன் வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சத்தத்தைத் தனக்கென்று கேட்டார். பக்கத்தில் தன் மேசையை அடுக்கிக்கொண்டிருந்த வெண்மதி பக்கம் அப்போது யாரும் திரும்பவில்லை.

குழுச் செயலாளர் சார்லஸ் கீழேயிருந்து, உடைங்க என்று கையால் காட்டினார். சிங்காரம் அட்டைகளைப் பையில் வைத்தார்.

"அது கொஞ்சம் பெரிய கணக்கு. இன்னொரு நாள் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

திரும்பும் வழியில் சார்லஸ் கேட்டதற்கு, நேரம் இல்லை என்றார். வெண்மதி ஒன்றும் கேட்கவில்லை.

உடைக்காத வித்தை சும்மா கிடக்காது, ஊருக்குள் நடக்கும். கணக்கு சாருக்கு மனசைப் படிக்கத் தெரியும் என்றார்கள் முதலில். பிறகு, நடக்கப்போவதும் தெரியும் என்றார்கள். மார்கழி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சம்மாளும் சின்னையனும் மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு வந்து நின்றார்கள். அஞ்சம்மாள் கையில் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம். வெண்மதி வீட்டில் இல்லை. சிதம்பரத்தில் நிகழ்ச்சி இருந்தது. அதற்கு அன்று சிங்காரத்தைக் கூப்பிடவில்லை.

விஷயம் இதுதான். சின்னையன் தன் மகன் அரசுவுக்குச் சரண்யாவைக் கேட்கிறார். பையனுக்குத் தையில் முடிக்காவிட்டால் இன்னும் மூன்று வருடம் ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். பெண்ணுக்குப் பதினைந்து வயது. பத்தாவது பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. தகப்பன் இல்லாத குடும்பத்தை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்ட அண்ணனிடம் அஞ்சம்மாளால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. அவருக்கோ பெண்ணைப் படிக்க வைக்க ஆசை. சிக்கலுக்கு அவர் கண்டுபிடித்த வழிதான் இந்தத் தட்டு.

"சார், இந்தப் பொண்ணு பாஸாவுமா ஆவாதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார் அஞ்சம்மாள். "ஆவும்னா படிக்கட்டும். ஆவாதுன்னா எங்கண்ணன் சொல்றபடி செஞ்சிட்டுப் போறேன். நீங்க சொன்னா இவரும் ஒத்துக்குறேன்னு சொல்லிட்டாரு."

சின்னையன் தலையை ஆட்டினார்.

ஒரு பிள்ளையின் வாழ்க்கையை ஒரு ஜோசியர் கெடுக்கப் பார்க்கிறார், அதைத் தடுக்க இன்னொரு ஜோசியரைத் தேடி வந்திருக்கிறார்கள். இந்தத் தேசத்தில் ஏழைகளுக்குக் கிடைக்கிற மேல்முறையீடு பெரும்பாலும் இப்படித்தான். அந்த இடத்தில் சிங்காரம், எனக்கு ஒன்றும் தெரியாதம்மா, அது அட்டைக் கணக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கல்யாணம் நடந்துவிடுமே என்று பயந்ததாக அவர் பின்னால் சொன்னார். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அஞ்சம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பியபோது அவருக்குத் தோன்றியது வேறு. வெண்மதிக்கு இத்தனை ஊரில் கை தட்டியிருக்கிறார்கள். ஒருவர்கூட இப்படிக் கை கூப்பியதில்லை.

சிங்காரம் கண்ணை மூடித் திறந்தார்.

"பாஸாயிடுவா. கணக்குல எழுபத்தி ரெண்டு வாங்குவா."

அஞ்சம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. சின்னையன் பேச்சு மாறவில்லை. தை போனால் போகட்டும், பரிகாரம் பண்ணிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணம் நின்றது. சிங்காரம் அன்றைக்கு முழுவதும் தரையில் நடக்கவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சாதம் கிளறி வைத்தார். சாயங்காலம் வந்த வெண்மதி ருசித்துச் சாப்பிட்டார். பழம் ஏது என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பொய் நல்லது செய்துவிட்டால் அதைப்போல ஆபத்தானது வேறில்லை.

பொங்கல் கழிந்ததும் பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு தொடங்கியது. வீட்டில் விளக்கு, இடம், அமைதி எதுவும் சரியாக இல்லாத பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போவதற்காகச் சிங்காரம் தாமாக நடத்துவது. சரண்யா வரவில்லை. முதல் வாரம் காய்ச்சலாக இருக்கும் என்று விட்டார். இரண்டாவது வாரமும் காணோம். பகல் வகுப்பு முடிந்து கிளம்பியவளை நிறுத்திக் கேட்டார்.

"கருவாடு திருப்பிப் போடணும் சார். அம்மா வரச் சொல்லிடிச்சு."

பரீட்சை வருகிறதே என்றார்.

"அம்மாகிட்ட சொன்னேன் சார். அதான் சார் எழுவத்ரெண்டுன்னு சொல்லிட்டாரே, இனிமே படிச்சா என்னா படிக்காட்டி என்னா, வேலையப் பாருங்குது."

அரையாண்டுத் தேர்வில் அந்தப் பெண் கணக்கில் வாங்கிய மதிப்பெண் இருபத்தெட்டு.

"நீ நம்புறியா?" என்று கேட்டார்.

"எனக்கு எப்பிடி சார் தெரியும்? டீச்சர் செஞ்சத எல்லாம் நாங்களே உடைச்சோம். நீங்க உங்களோடத உடைக்கவே இல்லியே."

அவள் போய்விட்டாள். கேலியாகச் சொல்லவில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். சிங்காரம் எத்தனையோ வருடமாக மேடையில் பேசிவந்த பகுத்தறிவு அந்த ஒரு பதிலில் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் வெண்மதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். வெண்மதி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் இவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எம்மேல கோவம்னா எங்கிட்ட காட்டியிருக்கலாமே மாமா. அந்தப் பொண்ணு என்னா பண்ணுச்சு?"

உன்மேல் எனக்கு என்ன கோபம் என்று ஆரம்பித்தார். வெண்மதி அவரையே பார்த்தார். சிங்காரம் நிறுத்தினார். பிறகு மூன்று வருடமாகச் சொல்லாததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். நான்தானே முதலில் கற்றுக்கொண்டேன். நான்தானே உனக்குக் காட்டினேன். என் பெயர் ஒரு தட்டியில் உண்டா? அந்தக் கொட்டகையில் என்னை வைத்துத்தானே சிரிக்க வைத்தாய்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்காக ஒரு கூட்டம் மூச்சை நிறுத்தியது, அதையும் உடைக்கச் சொல்கிறீர்கள்.

வெண்மதிக்கு அந்தக் கொட்டகைப் பேச்சு நினைவுகூட இல்லை. சிங்காரத்துக்கு அது இன்னும் மோசமாக வலித்தது.

நான் வந்து உடைக்கட்டுமா என்று கேட்கப் போன வெண்மதி, வாயெடுத்துவிட்டு மாற்றிக்கொண்டார்.

"நான் வந்தா அதுவும் எஞ்ஷோவாத்தான் ஆவும். நீங்களே போங்க. நீங்க போட்ட முடிச்சு."

மறுநாள் பள்ளி விட்டதும் அட்டைகளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போனார். கடற்கரையோரம் வலை விரித்த மணலில் அஞ்சம்மாளும் சரண்யாவும் கருவாடு அள்ளிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளிச் சின்னையன் வலை பின்னிக்கொண்டிருந்தார். சாரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். சின்னையன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

சிங்காரம் உட்காரவில்லை. அன்றைக்கு நான் சொன்னது பொய், எனக்கு எந்தச் சக்தியும் கிடையாது, இவள் எத்தனை மார்க் வாங்குவாள் என்று எனக்குத் தெரியாது என்று ஒரே வீச்சில் சொல்லி முடித்தார்.

அஞ்சம்மாளும் சின்னையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னையன் அவரை நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு கேட்டார்:

"சக்தி எறங்கிடுச்சா சார்? வூட்டுல ஏதாச்சும் தீட்டா?"

இல்லையண்ணே, சக்தியே கிடையாது என்றார் சிங்காரம். பெரியவங்க அப்படித்தான் அடக்கமாகச் சொல்லுவார்கள் என்றார் அஞ்சம்மாள். வாயால் போட்ட கட்டு வாயால் அவிழாது. சாமியார்கள் விஷயத்தில் நாங்கள் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். 'நான் ஏமாற்றினேன்' என்று அவனே ஒப்புக்கொண்டாலும் பக்தன் விடமாட்டான்.

சிங்காரம் அட்டைகளை எடுத்தார். தாமே உடைக்க வாய் திறந்தவர், இரண்டின் அடுக்கு என்ற சொல்லை விழுங்கிக்கொண்டார். மனைவி மேடையில் செய்வதுதான் அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அவருக்குக் கசந்தது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. சரண்யாவைக் கூப்பிட்டு அட்டைகளை அவள் கையில் கொடுத்தார்.

"எங்க சந்தேகமா இருக்கு, பாரு."

அவள் மணலில் அட்டைகளைப் பரப்பி வைத்து முட்டிபோட்டு உட்கார்ந்தாள். ஒன்று எந்த அட்டையில் இருக்கிறது என்று தேடினாள். ஒன்றில்தான். இரண்டு? அதுவும் ஒன்றில்தான். மூன்று இரண்டு அட்டைகளில் இருந்தது. நாலு, ஐந்து என்று தேடிக்கொண்டே போனாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து அம்மாவை ஒரு நம்பர் நினைக்கச் சொன்னாள். அஞ்சம்மாள் மூன்று அட்டைகளைத் தொட்டுக் காட்டினார்.

"இருபத்ரெண்டு" என்றாள் சரண்யா.

சின்னையன் வலையைக் கீழே போட்டுவிட்டார். "பொண்ணுக்கும் வந்துடுச்சா" என்றார்.

சரண்யாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வரல மாமா. கூட்டல்" என்றாள். அம்மாவை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, அட்டைகளின் முதல் எண்ணை விரலால் காட்டினாள். அஞ்சம்மாள் கருவாட்டு உப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அண்ணனை ஒரு நம்பர் நினைக்கச் சொன்னார். சின்னையன் பயந்துகொண்டேதான் அட்டைகளைத் தொட்டார். அஞ்சம்மாள் உதட்டுக்குள் கூட்டினார்.

"பத்தொம்பது."

சின்னையன் வாயைப் பிளந்தார். அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. இன்னொரு நம்பர் நினை என்றார். அதையும் சொன்னார். அப்புறம் அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இவ்வளவுதானா சார்? இதுக்கா நான் தட்டு எடுத்துக்கிட்டு வந்து ஒங்க வூட்டு வாசல்ல நின்னேன்?"

சிங்காரம் குனிந்து மணலில் கிடந்த அட்டைகளைப் பொறுக்கினார்.

"படிச்ச மனுசன்தான நீங்க? எம் புருசன் போனப்போ எத்தினி பேரு வந்து குறி சொன்னான் தெரியுமா? வருவாரு வருவாருன்னு சொல்லிச் சொல்லியே வாங்கித் தின்னுட்டுப் போனானுங்க. நீங்க அவுனுங்க மாதிரி இல்லன்னுதான் வந்தேன்."

அண்ணன் முன்னாலும் பெண் முன்னாலும் அவர் அப்படிக் கேட்டது நியாயம். ஆசிரியரை எதிர்த்துப் பேசலாமா என்று யாராவது நினைத்தால், அவர்கள் அஞ்சம்மாளின் இடத்தில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும்.

பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப இவ பாஸாவாளா, மாட்டாளா?"

"தெரியாதும்மா" என்றார் சிங்காரம். "இப்பிடியே போனா மாட்டா. தெனம் சாயங்காலம் வந்தா, ஆவலாம்."

சின்னையனுக்கு அங்கேதான் பிடி கிடைத்தது. சார் சொன்னதே பொய் என்றால் தான் கொடுத்த வாக்கும் இல்லை, தை முடியப் போகிறது, பங்குனியிலாவது முடித்துவிடலாம் என்றார். அஞ்சம்மாள் அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் அவர் சத்தம் போடவில்லை.

"தை போச்சுன்னா மூணு வருசம் ஆவாதுன்னு சொன்ன ஜோசியரு எப்பிடிச் சொன்னாருன்னு நீ ஒடைச்சுக் காட்டுண்ணே. இவரு ஒடைச்சாரு இல்ல? அவரையும் வந்து இங்க ஒக்காந்து ஒடைக்கச் சொல்லு. அதுக்கப்பறம் கல்யாணத்தப் பேசு."

சின்னையன் கடல் பக்கம் பார்த்தார். "அவரு எப்பிடி வருவாரு" என்றார் முனகலாக.

"வரமாட்டாரு இல்ல?" என்ற அஞ்சம்மாள், மகள் பக்கம் திரும்பினார். "கெளம்புடி. சாரோட போ. கருவாட்ட நான் அள்ளிக்கிறேன்."

ஜோசியர் வரவில்லை. பங்குனியும் போயிற்று. சின்னையன் இரண்டு மாதம் தங்கையோடு பேசவில்லை. அரசுவுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை என்று கேள்வி. அவனிடம் யாரும் அதுவரை கேட்டிருக்கவும் இல்லை.

இது கதையாக இருந்தால் சரண்யா எழுபத்திரண்டு வாங்கியிருப்பாள். அவள் கணக்கில் முப்பத்தொன்று வாங்கினாள். மற்றப் பாடங்களில் எல்லாம் தேறி, சிங்காரத்தின் பாடத்தில் மட்டும் தோற்றாள். வீணாய்ப் போன மார்கழியும் தையும் அந்த நாலு மதிப்பெண்ணில் இருந்தன. முடிவு வந்த அன்று சிங்காரம் பள்ளியிலிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போனார். அஞ்சம்மாள் அவரை உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. ஜூன் கடைசியில் மறுதேர்வு இருக்கிறது, அதுவரைக்கும் தினமும் காலையில் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் கோடை முழுவதும் சிங்காரம் குழுவின் நிகழ்ச்சி எதற்கும் வரவில்லை. வெண்மதி சிதம்பரம் பக்கம் ஊர் ஊராகப் போனார்; பெட்டி தூக்க வேறு ஆள் பிடித்தோம். சிங்காரம் வீட்டுக் கூடத்தில் சரண்யாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கை தட்ட யாரும் இல்லை. அவருக்கு நன்றாக வருவது அதுதான் என்பது எங்களுக்கு எப்போதும் தெரியும். ஒரு பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு அவரும் இறங்கிப் போய் உட்காருவார். சில நாள் சாயங்காலம் வெண்மதி வந்து சேரும்போது சரண்யா கிளம்பாமல் இருப்பாள். டீச்சர் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக. அரை மணி நேரம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து எதையோ ஊற்றி, எதையோ பற்றவைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சிங்காரம் அடுப்படியில் தேநீர் போடுவார்.

மறுதேர்வில் சரண்யா தேறினாள். ஐம்பத்தெட்டு. தகவல் தெரிந்ததும் சிங்காரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அஞ்சம்மாள் இந்த முறை நாற்காலி போட்டார். எழுபத்திரண்டுக்குப் பதினாலு குறையுதே சார் என்று கேலி பண்ணினார். சின்னையன்கூட வந்து, எல்லாம் சாருடைய உழைப்பு என்று ஒரு வார்த்தை சொன்னார். சிங்காரத்துக்கு மனது நிறைந்திருந்தது. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்கப் போகிறாள் என்று கேட்டார். கணக்கும் வணிகவியலும் எடுத்தால் சுலபமாக வேலை கிடைக்கும், நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத் தயாராக வந்திருந்தார்.

"சிதம்பரத்துல சேரப் போறாளாம் சார்" என்றார் அஞ்சம்மாள். "டீச்சரம்மா பள்ளிக்கூடத்துல. அவுங்ககூடவே பஸ்ஸுல போயிட்டு வந்துடுவாளாம். சயின்ஸுதான் படிப்பாளாம். டீச்சரம்மா மாதிரி ஆவணும்னு ஒரே புடிவாதம்."

உள்ளேயிருந்து சரண்யா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு களங்கமும் இல்லை.

"நல்லதும்மா" என்றார் சிங்காரம். "நல்ல முடிவு."

அதை அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார். தேநீரைக் குடித்து முடித்து, இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். ஆறு வாரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான், அரை மணி நேரம் எதையோ கொளுத்திக் காட்டினவளுக்குப் பின்னால் போகிறாளே என்று மஞ்சக்குப்பம் வந்து சேரும்வரை எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் வெண்மதி இருந்தார். என்னாச்சு என்று கேட்டார்.

"சயின்ஸ் எடுக்குறாளாம். உன் ஸ்கூலு" என்றார் சிங்காரம். பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எனக்குப் பொறாமையா இருக்கு மதி" என்றார்.

வாய்விட்டு அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெண்மதி நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

"தெரியும் மாமா. ஒக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.